மர நிலைக்கு எனாமல்: கேளுங்க, சொல்லுதேன்

தக்கலையில பெயிண்டிங் வேலை பார்க்கேன். மரச்சட்டம், நிலை, கதவு பற்றி மட்டும் கேளுங்க. பேருக்குப் பதிலா ஊரைப் போட்டாப் போதும்.

குலசேகரம்: அண்ணா, புது நிலைக்கு ரெண்டு கோட் எனாமல் அடிச்சும் சொரசொரப்பு போகல. மூணாவது அடிக்கவா?

இப்போ அடிக்காதீங்க. சொரசொரப்பு அடியில கிடக்கு. மேல அடிக்க அடிக்க அது பளபளன்னு எடுத்துக் காட்டும், அவ்வளவுதான். ஒரு வாரம் காய விட்டு, 320 நம்பர் வாட்டர் பேப்பரை (நனைச்சுத் தேய்க்கிற உப்புத்தாள், நம்பர் கூடினா நைசு) தண்ணி தொட்டு, பளபளப்பு மங்குற வரைக்கும் தேயுங்க. துடைச்சு, நல்லா காஞ்சதும் ஒரு கோட் போதும்.

புதுசா தொடங்குறவங்க வெறும் மரத்தை 120, பிறகு 180 பேப்பர்ல நாரோட்டம் பார்த்துத் தேய்க்கணும். வுட் பிரைமர் (எனாமலுக்கு அடியில போடுற கோட்) அடிச்சதும் நார் எழும்பி நிக்கும், 220 போட்டு அதை வெட்டணும். பட்டியை (குழி, கீறல் அடைக்கிற பசை) ஒரேயடியா அப்பாம மெல்லிசா ரெண்டு தடவை இழுத்து, 320ல தேய்ச்சு, திரும்ப பிரைமர். அப்புறம்தான் எனாமல். தூசி பறக்காம இருக்க ஃபேனை நிறுத்தி, தரையில தண்ணி தெளிச்சுட்டு அடிங்க. கடைசியில பிரஷ் நுனியால மேலிருந்து கீழ ஒரே இழுப்பு. இழுத்த இடத்தைத் திரும்பத் தொட்டா கோடு விழும்.

மார்த்தாண்டம்: எனாமல்ல என்.சி. தின்னர் ஊத்தலாமா?

கூடாது. எண்ணெய் எனாமலை இளக்க டர்பன்டைன்தான்.

களியக்காவிளை: சுவர் பட்டி மிச்சம் இருக்கு, மரத்துல போடலாமா?

மழைக்கு மரம் ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். அந்த சிமென்ட் பட்டி வெடிச்சு உதிரும்.

பாறசாலை: ஆஞ்சிலிக் கதவுக்கு வெள்ளை எனாமல் அடிக்கணும் சேட்டா.

நாங்க அயினின்னு சொல்லுறது. அதுல வெள்ளையா? பத்மநாபபுரம் அரண்மனைப் பூமுகத்துல, அதான் வாசல் மண்டபத்துல, செதுக்கின மர மச்சைப் பார்த்துட்டு வந்து கேளுங்க.

பாறசாலை: அரண்மனைக்கு ஆள் இருக்கு துடைக்க. என் வீடு இருட்டு, வெளிச்சம் வேணும்.

சுவருக்கு வெள்ளை அடிச்சா வெளிச்சம் வராதா?

அருமனை: அவர் கதவு, அவர் இஷ்டம். உங்க வீட்டு நிலையே பச்சைதானே அண்ணா!

அது வேங்கை இல்ல, தேக்கு இல்ல, ஏதோ மட்ட மரம். சரி, தோத்தேன். இருட்டு வீட்டுல எண்ணெய் எனாமல் வெள்ளை மஞ்சளடிக்கும். தண்ணியில கலக்குற எனாமல் வாங்குங்க.

திங்கள்சந்தை: தின்னர் எது நல்லது?

மேல பாருங்க.

இரணியல்: அப்பா காலத்து ஜன்னல், பழைய பெயிண்டைச் சுரண்டணும்.

உலர்ந்தபடி தேய்க்காதீங்க. பழைய பெயிண்டுல ஈயம் இருக்கலாம், அந்தத் தூசி விஷம். வீட்டுப் பெயிண்டுல ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல கூடாதுன்னு சட்டம் நடப்புக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். நனைச்சுத் தேயுங்க, மாஸ்க் போடுங்க, பிள்ளைகளை வெளிய அனுப்புங்க.

கருங்கல்: ஐப்பசி மழையில அடிக்கலாமா? தின்னர் கூடுதலா ஊத்தினா சீக்கிரம் காயுமா?

டர்பன்டைன்! டர்பன்டைன்! கூடினா ஒழுகும். மழை விட்டபிறகு அடிங்க.