வெளிநாட்டு மாணவர்கள் வளாகத்துக்கு வரும்போது: கேள்வி பதில்

பல்கலைக்கழகம் ஒன்றின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சேர்க்கை, விடுதி, வகுப்பறை பற்றிக் கேளுங்கள். விசா மட்டும் வேண்டாம். நாட்டுக்கு நாடு விதி வேறு, அதுவும் அடிக்கடி மாறும். தூதரகத்தைக் கேளுங்கள்.

பதிவாளர் அலுவலகத்திலிருந்து: வந்து இறங்கியதும் முதலில் என்ன செய்து தர வேண்டும்?

வெள்ளிக்கிழமை இரவு வந்து இறங்குகிறார் என்று வையுங்கள். உங்கள் அலுவலகம் திங்கட்கிழமைதான் திறக்கும். சிம் வாங்கப் போனால் முகவரிச் சான்று கேட்கிறார்கள். வங்கிக் கணக்கு தொடங்க உள்ளூர் செல்பேசி எண் வேண்டும். விடுதிக் கட்டணம் கட்ட உள்ளூர் வங்கிக் கணக்கு வேண்டும். கட்டணம் கட்டினால்தான் அறை ஒதுக்கீட்டுக் கடிதம் கிடைக்கும். அந்தக் கடிதம்தான் முகவரிச் சான்று! பல மாணவர்களின் முதல் வாரம் இப்படியே கழிகிறது.

இதை உடைக்க ஒரு தாள் போதும். பெயர், படிப்பு, காலம், விடுதி முகவரி போட்டு, அவர் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே மின்னஞ்சலில் அனுப்புங்கள். முத்திரையிட்ட அசலைக் காவலாளியிடம் கொடுத்து வையுங்கள். முதல் தவணையை மட்டுமாவது வெளிநாட்டு அட்டையில் வாங்கிக்கொள்ளுங்கள். எதையும் வாய்வார்த்தையாகச் சொல்லாதீர்கள், எழுத்தில் கொடுங்கள்.

இன்னொன்று, பெயர். உங்கள் படிவத்தில் 'குடும்பப் பெயர்' கட்டாயமா? உலகத்தில் ஒற்றைப் பெயரோடு வாழ்கிறவர்கள் ஏராளம். அவர்கள் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைப்பார்கள், அல்லது அதே பெயரை இரண்டாம் முறை எழுதுவார்கள். அது அப்படியே பட்டச் சான்றிதழில் ஏறும். பிறகு வேறு நாட்டில் வேலைக்குப் போகும்போது, கடவுச்சீட்டில் இருப்பவரும் சான்றிதழில் இருப்பவரும் ஒருவர்தானா என்று கேள்வி வரும். கட்டத்தை விருப்பத்துக்கு விடுங்கள்.

மாணவர் பேரவை: நாடுகளின் கொடிகளோடு கலாச்சார விழா நடத்தலாமா?

நடத்துங்கள். மறுநாள் சாப்பாட்டு மேசையில் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்றும் பாருங்கள்.

நிர்வாகத்திலிருந்து: எண்ணிக்கை கூடினால் தரவரிசை ஏறுமா?

உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் கியூஎஸ் பட்டியலில் வெளிநாட்டு மாணவர் விகிதத்துக்கு 5 சதவீத மதிப்பு. டைம்ஸ் பட்டியலில் 2.5. அதற்காக மட்டும் ஆள் சேர்ப்பதாக இருந்தால் நான் உதவ முடியாது.

முகவர் மூலம் சேர்க்கலாமா?

அவருக்கு எவ்வளவு கமிஷன் என்பதை மாணவருக்கும் எழுத்தில் சொல்லத் தயாரென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விடுதிக் காப்பாளர்: அவர்களுக்குத் தனி விடுதி கட்டினால் வசதிதானே?

வேண்டாம். தனி விடுதி கட்டினால் நான்கு வருடம் படித்துவிட்டு, உள்ளூர் நண்பர் ஒருவர்கூட இல்லாமல் ஊர் திரும்புவார்கள்.

அதே காப்பாளர்: கலந்து போட்டாலும் அவர்கள் தங்கள் நாட்டவரோடுதான் சேருகிறார்கள். பிறகு ஏன் வற்புறுத்த வேண்டும்?

சேரட்டும், அது நோயில்லை. உளவியலாளர் ஸ்டீபன் பாக்னரும் சகாக்களும் 1977-இல் எழுதியதே இதைப் பற்றித்தான். சொந்த நாட்டவரின் நட்பு மனதுக்குத் தெம்பு. உள்ளூர் நட்பு படிப்புக்கும் அலுவலக வேலைகளுக்கும் கை கொடுக்கும். பிற நாட்டு மாணவர்களின் நட்பு பொழுதுபோக்குக்கு. மூன்றும் வேண்டும். தனி விடுதி நடுவில் இருக்கும் உள்ளூர் நட்பை வெட்டிவிடுகிறது.

வெளிநாட்டில் படித்த ஒருவர்: நான் தனி விடுதியில்தான் இருந்தேன். முதல் இரண்டு மாதம் அதுதான் என்னைக் காப்பாற்றியது.

நம்புகிறேன். அதனால்தான் முதல் பருவத்துக்கு ஒரே தளத்தில் அடுத்தடுத்த அறைகள் கொடுப்பதை எதிர்க்க மாட்டேன். இரண்டாம் பருவத்தில் அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். கட்டடம் எழுப்பிவிட்டால் அந்தத் தேர்வு போய்விடும்.

காப்பாளர் மீண்டும்: உள்ளூர் மாணவர்கள் அறை பகிர முன்வருவதில்லை. அதைச் சொல்லுங்கள்.

இதுதான் நியாயமான கேள்வி. யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். கட்டாயத்தில் வந்தவர் ஒரே வாரத்தில் மாற்றல் கேட்பார், புதிதாக வந்தவருக்கு அது முகத்தில் அறைந்தது போல இருக்கும். சேர்க்கைப் படிவத்திலேயே 'வெளிநாட்டு மாணவரோடு தங்கச் சம்மதமா' என்று கேளுங்கள். சம்மதித்தவர்களிடம் தூங்கும் நேரம், விருந்தினர், சத்தம் பற்றி ஒரு பக்க ஒப்பந்தம். இதுவும் எழுத்தில்.

விசா நீட்டிப்புக்கு எத்தனை நாள் ஆகும்?

முதல் பத்தி.

விழாவுக்கு எந்த மாதம் நல்லது?

தேர்வு இல்லாத மாதம்.

பேராசிரியர்: குழுப் பணியில் அவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள்.

நீங்களே குழு பிரியுங்கள். மாணவர்களிடம் விட்டால் தெரிந்த முகத்தைத்தான் தேடுவார்கள். வேலையும் பலரின் அனுபவம் சேர்ந்தால்தான் முடிவதாக இருக்கட்டும். உதாரணமாக, வாடகைச் சட்டம் அவரவர் நாட்டில் எப்படி நடைமுறையில் இருக்கிறது என்று ஒப்பிடச் சொல்லுங்கள். வேற்றுநாட்டவர் இல்லாமல் அந்தக் குழுவால் பாதியைக்கூட எழுத முடியாது.

ஸ்வீடனில் மால்மோ பல்கலைக்கழகம் 1998-இல் புதிதாகத் தொடங்கியபோது, மாணவர்களை வெளியே அனுப்ப வெளிநாட்டுத் தொடர்புகள் இல்லை. வெளியே போகாத மாணவருக்கும் உலகத்தை உள்ளூரிலேயே காட்டலாம் என்ற யோசனையை அங்கே வேலை பார்த்த பெங்ட் நில்சன்தான் 1999 வாக்கில் முன்வைத்தார். ஆக, உங்கள் குழுப் பணி உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் லாபம்.

வந்து மூன்று மாதம் ஆன மாணவர் அறையை விட்டு வெளியே வருவதில்லை. இது எல்லோருக்கும் வருவதுதானே?

முதலில் உற்சாகம், பிறகு சரிவு, பிறகு மீட்சி என்று நார்வே சமூகவியலாளர் லிஸ்கார்ட் 1955-இல் ஒரு வளைவைச் சொன்னார். அதைக் கால அட்டவணையாக எடுத்துக்கொண்டு 'தானே சரியாகும்' என்று விட்டுவிடாதீர்கள். பலர் வந்த நாளிலிருந்தே சரிவில் இருப்பார்கள். இன்றே யாராவது கதவைத் தட்டுங்கள். மனநல ஆலோசகரிடம் நேரம் வாங்கி, நீங்களே கூட்டிப் போங்கள்.

விழாவில் எல்லோரையும் தேசிய உடையில் வரச் சொல்லலாமா?

விழா பற்றிய மூன்றாவது கேள்வி. சொல்லாதீர்கள்.

விடுமுறையில் விடுதியை மூடுகிறோம். வெளிநாட்டு மாணவர்கள் என்ன செய்வது?

இதை யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தேன். விமானச் செலவு பார்த்து ஊருக்குப் போகாதவர்கள் பலர். ஒரு தளத்தையாவது திறந்து வையுங்கள். உணவுக்கூடம் மூடினால் சமையலறையைக் கொடுங்கள். சாவி யாரிடம், இரவில் உடம்பு சரியில்லையென்றால் எந்த எண் என்பதை விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பே கதவில் ஒட்டுங்கள். அந்த எண்ணை யாராவது எடுக்கிறார்களா என்று ஒரு தடவை அழைத்தும் பாருங்கள்.