நாக ஒட்சைட்டு கட்டியாகிப் போவது ஏன்?

கொழும்பில் இரசாயனவியல் இறுதியாண்டு படிக்கும் வெள்ளவத்தை மாணவி ஒருவர் கேட்கிறார்: "நாக அசற்றேற்றுக் கரைசலில் சோடியம் ஐதரொட்சைட்டைச் சேர்த்து நாக ஒட்சைட்டு நனோ துணிக்கைகளைத் தயாரிக்கிறேன். பளிங்கு அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் வரைபு சரியாகவே வருகிறது. ஆனால் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் கோல்களும் இல்லை, பூக்களும் இல்லை, உருவமற்ற கட்டிகள்தான். கலக்கியை இன்னும் வேகமாகச் சுழற்றினால் ஒழுங்கு வருமா? தைத்தேனியம் உள்ள புல்மோட்டை மணலை வைத்தும் இப்படித் துணிக்கைகள் செய்யலாமா?"

வராது. உங்கள் சிக்கலே வேகம்தான்.

வரைபு சரியாக வந்ததில் வியப்பில்லை. ஒவ்வொரு துணிக்கைக்குள்ளும் அணுக்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்பதையே அது சொல்கிறது. துணிக்கைகள் தமக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது வேறு கேள்வி. தாறுமாறாக ஒட்டிய கட்டியும் அழகான வரைபைத் தரும்.

அயன்கள் ஒவ்வொன்றாக வந்து படிந்து பளிங்கு வளர்கிறது என்றுதான் நாம் படித்திருக்கிறோம். அது பொய்யல்ல, ஆனால் முழுக்கதையும் அல்ல. தைத்தேனியம் ஈரொட்சைட்டில் முழுத் துணிக்கைகளே முகத்தோடு முகம் பொருந்தி ஒற்றைப் பளிங்காவதை லீ பென், ஜில்லியன் பான்ஃபீல்ட் இருவரும் 1998இல் காட்டினார்கள். 2012இல் பான்ஃபீல்டும் இடம்பெற்ற ஒரு குழு, இரும்பு ஒட்சைட்டு வகைத் துணிக்கைகள் இவ்வாறு சேர்வதைத் திரவத்துக்குள்ளேயே இலத்திரன் நுணுக்குக்காட்டியால் படம்பிடித்தது. இரண்டு துணிக்கைகள் நெருங்குகின்றன, உடனே ஒட்டுவதில்லை. மெல்லத் திரும்புகின்றன, விலகுகின்றன, வேறொரு கோணத்தில் மறுபடி நெருங்குகின்றன. இரண்டின் அணுத்தளங்களும் ஒரே வரிசையில் வந்ததும், எஞ்சியிருக்கும் ஒரு நனோமீற்றருக்கும் குறைவான இடைவெளியை ஒரே தாவலில் கடந்து இணைந்துவிடுகின்றன. இரண்டு மேற்பரப்புகள் மறைவதால் மிச்சமாகும் சக்திதான் அந்த இணைப்பின் இலாபம்.

ஆகவே, தொட்டும் தொடாமலும் திரும்பிப் பார்க்கத் துணிக்கைக்கு அவகாசம் வேண்டும். உங்கள் முகவையில் நடப்பதோ, மாலை நேரத்தில் புறக்கோட்டையில் பஸ் ஏறுவதைப் போன்றது: நுழைந்த இடத்திலேயே எல்லோரும் சிக்கிக்கொள்கிறார்கள். செறிந்த காரத்தை ஒரேயடியாக ஊற்றினால் ஏராளமான துணிக்கைகள் ஒரே நேரத்தில் பிறக்கின்றன. கரைசலில் நிறைந்திருக்கும் சோடியம், அசற்றேற்று அயன்கள் துணிக்கைகளின் மின்னேற்றத்தை மறைத்துவிடுவதால், அவற்றை எட்ட வைக்கும் தள்ளுவிசையும் குறைந்துபோகிறது.

நாக ஒட்சைட்டுக்கு இயல்பாகவே ஒரு சாய்வு உண்டு. அதன் அறுகோணப் பளிங்கின் ஒரு முனையில் நாகமும் மறுமுனையில் ஒட்சிசனும் வெளித்தெரிவதால், நீள அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்வது அதற்குப் பிடிக்கும். ஜேர்மனியில் பச்சோல்ஸ்கி, கோர்னோவ்ஸ்கி, வெல்லர் மூவரும் 2002இல் இதைப் பயன்படுத்தினார்கள். ஏறத்தாழ 5 நனோமீற்றர் அளவுள்ள உருண்டைகளை மெதனோலில் தயாரித்து, கரைசலைச் செறிவாக்கி, ஆவி குளிர்ந்து மீண்டும் கரைசலுக்கே திரும்பும்படி (மீளொடுக்கி) நீண்ட நேரம் கொதிக்கவிட்டபோது உருண்டைகள் வரிசையாகச் சேர்ந்து கோல்களாயின.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: செறிவைக் குறைத்து, காரத்தை அளவியிலிருந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். கலக்கி அதுவரைக்கும் போதும். பின்னர் துணிக்கைகள் பிறந்த அதே தாய்க்கரைசலை 60 முதல் 80 பாகை செல்சியசில் சில மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். கழுவுவதற்கு அவசரப்பட்டுப் பலர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். நாக ஒட்சைட்டின் மேற்பரப்பு மின்னேற்றம் பி.எச். 9ஐ ஒட்டிச் சுழியமாகிறது. உங்கள் காரக் கரைசல் அதற்கு வெகு மேலே இருக்கும். கழுவக் கழுவ அந்த எல்லையைக் கடந்தே கீழே வரும். கடக்கும்போது துணிக்கைகள் திரளாமல் என்ன செய்யும்? ஒழுங்கு வர வேண்டுமானால் கழுவுவதற்கு முன்பே வந்தாக வேண்டும். கடைசிக் கழுவலை எதனோலில் செய்யுங்கள். உலரும் நீர் தன் மேற்பரப்பிழுவையால் துணிக்கைகளை இழுத்து நெருக்கும், எதனோல் அவ்வளவு இழுக்காது.

இன்னும் மெதுவாக்க, சோடியம் ஐதரொட்சைட்டை விட்டு எக்சாமெதிலீன்தெத்திரமீனை எடுக்கலாம். 90 பாகையளவில் அது சிதைந்து அமோனியாவைச் சிறிது சிறிதாகத் தரும். அறுகோணக் கோல்களுக்குப் பெயர்போன வழி. போமல்டிகைட்டும் வெளிவரும் என்பதால் புகைக்கூண்டுக்குள் மட்டும் திறவுங்கள்.

சோடியம் ஐதரொட்சைட்டுப் போத்தலையும் ஒருமுறை பாருங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் மூடி சரியாகப் பூட்டாத போத்தலிலுள்ள வில்லைகள் கசிந்து, ஒன்றோடொன்று ஒட்டி, மேலே வெண்தூள் படிந்திருக்கும். அந்தத் தூள் காபனேற்று. நிறுத்த நிறையில் பாதி நீராக இருக்கலாம். காபனேற்று கலந்தால் நாகக் காபனேற்றும் வீழ்படிவாகும்.

அடுத்த மாதிரியின் எக்ஸ் கதிர் வரைபில், செம்பு இலக்குக் கருவியானால், நீள அச்சு வழியிலான அடுக்கைக் காட்டும், 34.4 பாகையருகே உள்ள 002 உச்சத்தை, குறுக்கு வழியிலான அடுக்கைக் காட்டும், 31.8இல் உள்ள 100 உச்சத்தோடு ஒப்பிடுங்கள். முன்னது ஒடுங்கியிருந்தால் பளிங்குகள் நீள அச்சில் நீண்டிருக்கின்றன. அவை துணிக்கைகள் ஒட்டியே நீண்டன என்று எழுத, ஊடுசெல் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பொருத்தைத் தாண்டியும் அணுவரிகள் முறியாமல் ஓடுவதைக் காட்ட வேண்டும்.

புல்மோட்டை மணலிலுள்ள இல்மனைற்று இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த ஒட்சைட்டு. அதிலிருந்து தைத்தேனியம் ஈரொட்சைட்டைப் பெற, இரும்பைப் பிரித்தெடுப்பதே தனி ஆய்வாகிவிடும். இந்த ஆண்டு நாகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.