லிஃப்ட் பொத்தானை விடுங்கள், மாமியின் மூச்சை எண்ணுங்கள்

கேள்வி: எனக்கு வந்த தடிமன் மூன்று நாளில் போய்விட்டது. என்னிடமிருந்து தொற்றிய மாமிக்கு (வயது 71, முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா, உண்டு) நெஞ்சுச் சளியாகி வோட்டில் வைத்திருக்க வேண்டி வந்தது. வைரஸ் உடம்புக்குள் போகிற வழியைப் பொறுத்து வருத்தம் கடுமையாகும் என்று மிருகங்களில் கண்டுபிடித்திருப்பதாக இணையத்தில் படித்தேன். இப்போது லிஃப்ட் பொத்தான், காசுத்தாள், மரக்கறி எல்லாவற்றையும் துடைக்கிறேன். மூக்கு கழுவவும் பயம். முதல் நாளே பாமசியில் அமொக்சிசிலின் வாங்கிக் கொடுத்தும் ஏன் இப்படியானது?
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: நீங்கள் உண்மையில் கேட்பது, மாமியை இப்படியாக்கியது நான்தானா என்பதைத்தான். இல்லை. தடிமன் உங்களிடமிருந்து மாமிக்குத் தொற்றியிருக்கலாம். அது நெஞ்சில் இறங்கியதற்கு அவருடைய வயதும் முட்டு வருத்தமும்தான் பெரும் காரணம். பஸ்ஸிலோ கோயிலிலோ வேறொருவரிடம் தொற்றியிருந்தாலும் இதே நிலை வந்திருக்கலாம்.

நீங்கள் படித்த செய்தி பொய்யில்லை, பாதிதான் படித்திருக்கிறீர்கள். 2021இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க விஞ்ஞானிகள் ஹம்ஸ்டர் எனும் சிறு எலியினப் பிராணிகளுக்குக் கொரோனா வைரஸை மூன்று விதமாகக் கொடுத்தார்கள். சிலவற்றுக்கு மூக்கில் சொட்டாக விட்டார்கள். சிலவற்றைக் காற்றில் மிதக்கும் நுண்துளிகளாகச் சுவாசிக்க வைத்தார்கள். மீதிக்கு வைரஸ் தடவிய தட்டொன்றைக் கூட்டுக்குள் வைத்தார்கள். சுவாசித்தவற்றுக்கு வைரஸ் நேரே நுரையீரலில் போய் இறங்கியது, உடல் எடையும் வேகமாகக் குறைந்தது. தட்டைத் தொட்டும் நக்கியும் தொற்றியவற்றுக்கு வைரஸ் பெருகத் தாமதமானது, நுரையீரல் பாதிப்பும் குறைவு. இத்தனைக்கும் காற்றில் கொடுத்த வைரஸ் தட்டில் இருந்ததைவிடக் குறைவு.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்க இராணுவ முகாம்களில் நிமோனியா வரை கொண்டுபோன இரண்டு அடினோ வைரஸ்களை, உயிருடனேயே, குடலில் போய்க் கரையும் குளிசையாக்கி வீரர்களுக்குத் தடுப்பு மருந்தாகக் கொடுக்கிறார்கள். குடல் வழியாகப் போகும்போது அது நோயாக மாறுவதில்லை.

அப்படியென்றால் நீங்கள் பயப்பட வேண்டியது லிஃப்ட் பொத்தானுக்கா? வெளியே போய் வந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும். காசுத்தாளைத் துடைக்க வேண்டாம். மரக்கறியைத் தண்ணீரில் மட்டும் கழுவுங்கள், கிருமிநாசினி வயிற்றுக்குள் போகக் கூடாது. கொதிக்கவைத்து ஆறிய உப்புத் தண்ணீரில் மூக்கு கழுவலாம், அதனால் வைரஸ் நெஞ்சுக்குள் இறங்கிவிடும் என்று பயப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியது, யன்னலை இறுகப் பூட்டி ஏசி போட்டு எல்லோரும் ஒன்றாகப் படுக்கிற அறையை. வீடுகளில் இருக்கும் ஏசி பெரும்பாலும் உள்ளிருக்கும் காற்றைத்தான் திருப்பித் திருப்பிச் சுற்றவிடுகிறது. வீட்டில் யாருக்காவது தடிமன் என்றால் மாமியை வேறு அறையில் படுக்க விடுங்கள், யன்னலைத் திறந்து வையுங்கள், தடிமன்காரர் மாஸ்க் போடட்டும். கூண்டில் அளந்து கொடுத்த வைரஸை வைத்து உங்கள் வீட்டில் நடந்ததற்குத் தீர்ப்பு எழுத முடியாது. காற்றோட்டம் வேண்டும் என்பதற்கு மட்டும் அது நல்ல சான்று.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. அடுத்த முறை தடிமன் வந்தால் மாமியின் மூச்சை எண்ணுங்கள். அவர் சும்மா இருக்கும்போது, எண்ணுகிறீர்கள் என்று சொல்லாமல், நெஞ்சு எத்தனை தரம் எழும்புகிறது என்று முழுதாக ஒரு நிமிடம் பாருங்கள். சொன்னால் மூச்சின் போக்கு மாறிவிடும். வளர்ந்தவருக்கு 12 முதல் 20 வரை சரி. முட்டு உள்ள ஒருவருக்கு 25ஐத் தொட்டாலோ, ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாவிட்டாலோ, மூச்செடுக்கும்போது கழுத்துத் தசை இழுபட்டாலோ, இரவென்றும் பார்க்காமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அது வரும்வரை அவருடைய நீல இன்ஹேலரைக் கொடுங்கள். விரலில் மாட்டும் கருவி ஒக்சிசன் அளவு 97 என்று காட்டினாலும் 25 மூச்சை அலட்சியம் செய்யாதீர்கள்.

அமொக்சிசிலின் பற்றிக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அது பக்டீரியாவுக்கான அன்டிபயோட்டிக், வைரஸைத் தொடாது. மருந்து போகிறதே என்ற நம்பிக்கையில் நாட்கள்தான் போகும். வைத்தியரின் துண்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் வாங்காதீர்கள், விற்கிற பாமசிக்கும் அதைச் சொல்லுங்கள். கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை பரசிட்டமோல் மட்டும்தான். கடதாசி உறையில் சேர்த்துக் கொடுக்கிற வலிக் குளிசை வேண்டவே வேண்டாம்.

கிளினிக்குக்குப் போகும்போது மாமியின் இன்ஹேலர்களையும் கொண்டுபோங்கள். அவர் அதைப் பிடிக்கும் முறையை வைத்தியர் கண்ணால் பார்க்கட்டும். வருடாந்த ஃப்ளூ தடுப்பூசியை எப்போது போடலாம் என்றும் அன்றே கேளுங்கள்.