உலக வர்த்தகத் தீர்ப்பைக் காட்டும் சூதாட்டத் தளம்: பணம் திரும்பி வருமா?

கேள்வி: சிங்கப்பூரில் ஈசூனில் குடியிருக்கிறேன், லாரி ஓட்டுகிறேன். நண்பர் பேச்சைக் கேட்டு வெளிநாட்டுத் தளம் ஒன்றில் காற்பந்துப் பந்தயம் கட்டினேன். போட்டது 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), கணக்கில் இப்போது 2,340 வெள்ளி காட்டுகிறது. எடுக்கப் போனால் ‘சரிபார்ப்புக் கட்டணம்’ 450 வெள்ளி கட்டச் சொல்கிறார்கள். இது சட்டப்படி சரிதானா என்று கேட்டேன். “இணையச் சூதாட்டத்தை எந்த நாடும் தடுக்கக்கூடாது என்று உலக வர்த்தக அமைப்பே தீர்ப்புச் சொல்லிவிட்டது, எங்களிடம் லைசென்ஸ் இருக்கிறது” என்கிறார்கள். உண்மையா? பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் (CASE) புகார் கொடுக்கலாமா?

பதில்: அந்த 450 வெள்ளியை மட்டும் கட்டிவிடாதீர்கள். கட்டினால் அடுத்து ‘வரி’ என்பார்கள், அதற்கடுத்து வேறு ஏதாவது சொல்வார்கள். நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பார்த்தேன். இருநூறு இருநூறாக மூன்று தடவை பேநவ் (வங்கிவழி உடனடிப் பணப் பரிமாற்றம்) செய்திருக்கிறீர்கள். மூன்று தடவையும் வேறு வேறு ஆள் பெயர். உண்மையிலேயே லைசென்ஸ் உள்ள கம்பெனி எதற்காக யார் யாரோ பெயரில் பணம் வாங்க வேண்டும்? 2,340 என்பது திரையில் தெரியும் ஓர் எண், அவ்வளவுதான்.

அந்தத் தீர்ப்பு விஷயத்துக்கு வருவோம். கதை முழுப் பொய்யில்லை, அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். கரிபியன் கடலில் இருக்கும் அன்டிகுவா பார்புடா என்ற குட்டி நாடு, தன் மண்ணிலிருந்து இயங்கும் பந்தயக் கம்பெனிகளை அமெரிக்கா தடுக்கிறது என்று 2003ல் உலக வர்த்தக அமைப்பிடம் முறையிட்டது. சேவை வர்த்தக ஒப்பந்தத்தில் ‘இதர பொழுதுபோக்குச் சேவைகள்’ என்ற இனத்தை அமெரிக்கா திறந்துவிட்டிருந்தது. சூதாட்டமும் அதற்குள் வந்துவிடும் என்று அவர்கள் யோசிக்கவில்லை போலும். 2005 ஏப்ரலில் மேல்முறையீட்டுக் குழு தீர்ப்புச் சொன்னது.

உங்களுக்குப் பதில் அனுப்பியவர் சொல்லாமல் விட்ட பாதி இது. பொது ஒழுக்கத்தைக் காக்க ஒரு நாடு இணையச் சூதாட்டத்தைத் தடை செய்யலாம் என்பதை அந்தக் குழு ஒப்புக்கொண்டது. அமெரிக்கா சறுக்கியது குதிரைப் பந்தயத்தில். உள்நாட்டுக் கம்பெனிகள் தொலைபேசியிலும் இணையத்திலும் குதிரைக்குப் பந்தயம் வாங்க 1978ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழிவிடுவதுபோல் இருந்தது. அதே கதவு வெளிநாட்டாருக்கும் திறந்திருக்கிறது என்று அமெரிக்காவால் காட்ட முடியவில்லை. ஊராருக்கு ஒரு நியாயம், வெளியாருக்கு ஒரு நியாயமா என்பதுதான் அங்கே வழக்கு. ‘தடையே கூடாது’ என்று யாரும் சொல்லவில்லை.

ஜெயித்த அன்டிகுவாவுக்காவது ஏதாவது கிடைத்ததா? 2007ல் நடுவர்கள் அதன் இழப்பை ஆண்டுக்கு 2.1 கோடி அமெரிக்க டாலர் என்று மதிப்பிட்டார்கள். அதுவும் ரொக்கமில்லை. அந்தத் தொகை அளவுக்கு அமெரிக்கர்களின் அறிவுசார் சொத்துரிமைகளை (காப்புரிமை, பதிப்புரிமை போன்றவை) மதிக்காமல் இருந்துகொள்ளலாம் என்ற அனுமதிதான், அதுவும் 2013 ஜனவரியில்தான் கைக்கு வந்தது. ஒரு நாட்டு அரசாங்கமே பத்து வருடம் அலைந்து பெற்றது இவ்வளவு. அதை நம்பி நாம் பேநவ் பண்ணலாமா?

இன்னொன்று, உலக வர்த்தக விதிகள் அரசாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் இடையில் உள்ளவை. தனியாள் அங்கே போய் வழக்குப் போட முடியாது. நம்மைக் கட்டுவது இங்குள்ள சட்டம். 2015 பிப்ரவரியிலிருந்து தொலைவழிச் சூதாட்டத்துக்குத் தனிச் சட்டம் இருந்தது. 2022 ஆகஸ்ட் 1 முதல் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. லைசென்ஸ் இல்லாத தளத்தில் விளையாடுபவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். வெளிநாட்டு லைசென்ஸ் இங்கே செல்லாது.

கேஸ் ஒரு புகாரை எடுத்துப் பேச வேண்டுமானால் எதிரில் முகவரியோடு ஒரு வியாபாரி இருக்க வேண்டும். இங்கே யாரும் இல்லை. இருந்தாலும், சட்டத்துக்குப் புறம்பான பந்தயத்தில் ஜெயித்த பணத்தை வழக்குப் போட்டு வசூலிக்கச் சட்டம் இடம்கொடுக்காது. 600 வெள்ளியும் பெரும்பாலும் போனதுதான். வங்கியைக் கூப்பிட்டு மூன்று பரிமாற்றங்களையும் சொல்லுங்கள், அட்டை எண் கொடுத்திருந்தால் முடக்கிவிடுங்கள். சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளுக்கான இணைய அடையாளக் கணக்கு) விவரம் எதையும் அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். போலிசிலும் புகார் செய்யத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் பந்தயம் கட்டியதும் அப்போது வெளியே வரும், ஆகவே சமூக மன்றத்தில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்கு ஒரு நடை போய்விட்டு அப்புறம் போங்கள். ஸ்கிரீன்ஷாட் எதையும் அழித்துவிட வேண்டாம்.

கேள்வி: சிங்கப்பூர் பூல்ஸ் மட்டும் இணையத்தில் டோட்டோ, ஃபோர்டி (4D) லாட்டரிகளை விற்கலாம், மற்றவர்களுக்குத் தடை. நீங்கள் சொன்ன அமெரிக்கக் குதிரைக் கதையும் இதுவும் ஒன்றுதானே?

பதில்: நல்ல கேள்வி. சிங்கப்பூர் பூல்ஸ் 2016 அக்டோபரிலிருந்து சட்டப்படி இணையத்தில் பந்தயம் வாங்குகிறது, உண்மைதான். ஆனால் அமெரிக்கா அந்தச் சேவையை மற்ற நாடுகளுக்குத் திறந்துவிடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டு மூடியது. வாக்குக் கொடுக்காத இடத்தில் அந்த வாதம் நிற்காது. இங்கே ஒரு நிறுவனத்துக்கு மட்டும் அனுமதி, உள்ளூர்க் கம்பெனிகளும் உள்ளே வர முடியாது. இதிலும் குறை இருக்கிறது என்று இன்னோர் அரசாங்கம் நினைத்தால் அது ஜெனீவாவில் இருக்கும் உலக வர்த்தக அமைப்பிடம் போகட்டும். பந்தயம் கட்டிப் பிடிபட்டவர் இங்கே நீதிமன்றத்தில் அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

கேள்வி: ஒர்க் பெர்மிட்டில் இருக்கிறேன். ஊரில் விளையாடிய ரம்மி ஆப்பை இங்கே ஞாயிற்றுக்கிழமை விளையாடுகிறேன். “திறமை விளையாட்டு, சூதாட்டம் இல்லை” என்று அதில் எழுதியிருக்கிறதே, தம்பி மாதிரி கேட்கிறேன், சொல்லுங்கள்.

பதில்: தம்பி, அந்த வாசகம் ஊரில் வழக்கு நடத்த எழுதியது. சிங்கப்பூர்ச் சட்டத்தில் அதிர்ஷ்டமும் திறமையும் கலந்த ஆட்டமும் அதிர்ஷ்ட ஆட்டம்தான். சீட்டைக் குலுக்கிப் போடும் ரம்மி அதில் அடங்கிவிடும். ஊரிலும் நிலைமை மாறிவிட்டது. காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் திறமை, அதிர்ஷ்டம் என்று பிரிக்காமல் தடை செய்யும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. அபராதமும் சிறையும் ஒருபுறம், தண்டனை என்று ஆகிவிட்டால் உங்கள் பெர்மிட்டும் ஆட்டம் காணும். அந்த ஆப்பை எடுத்துவிடுங்கள். கை நிற்கவில்லை என்றால் 1800-6-668-668 எண்ணுக்குக் கூப்பிடுங்கள், சூதாட்டப் பிரச்சினை உள்ளவர்களுக்கென்றே நடக்கும் உதவி எண் அது.

கேள்வி: தீபாவளிக்கு நண்பர்கள் நால்வர் வீடியோ அழைப்பில் காசு வைத்துச் சீட்டாடலாமா?

பதில்: கூடாது. குடும்பத்தாரும் நண்பர்களும் வீட்டில் நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடலாம், நடத்துபவர் கமிஷன் எடுக்காதவரை. இணையத்தில் ஆடினால் அந்தச் சலுகை இல்லை. முறுக்கு சுட்டுவைத்து வீட்டுக்கே வரச் சொல்லிவிடுங்கள்.