பாஸ்வேர்டு அவர்களிடம், பொறுப்பு உங்களிடம்

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணினிப் பிரிவைக் கவனிக்கிறேன். ஆர்டர், நூல் இருப்பு, ஜாப் ஒர்க் செலான் (வெளியே வேலைக்கு அனுப்பும் சரக்கின் சீட்டு), சம்பளம் எல்லாம் எங்களுக்கென்றே எழுதப்பட்ட ஈ.ஆர்.பி. மென்பொருளில் ஓடுகின்றன. அதைத் தந்த நிறுவனம் பராமரிப்புக் கட்டணத்தை 40 விழுக்காடு உயர்த்தியிருக்கிறது. பழுது என்றால் இரண்டு நாள் கழித்தே வருகிறார்கள். சர்வர் பாஸ்வேர்டும் அவர்களிடமே இருக்கிறது. வேறு நிறுவனத்துக்கு மாறச் சொல்கிறார் முதலாளி. மாறலாமா?

பதில்: இப்போது வேண்டாம். உங்கள் உண்மையான சிக்கல் கட்டண உயர்வு அன்று. பாஸ்வேர்டு அவர்களிடம் இருப்பது. அது கைக்கு வராதவரை பேரம் பேசவும் முடியாது, விலகவும் முடியாது. அப்படியே மாறினால் அடுத்த நிறுவனத்திடமும் இதே நிலைதான்.

சண்டை முற்றுவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள். உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால் அதற்கு நல்ல காரணமும் இருக்கிறது. மின்னணுக் கணக்குகளின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் எடுக்கப்பட வேண்டும் என்கின்றன கம்பெனிகள் கணக்கு விதிகள். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடப்பதிவும் 2023 ஏப்ரல் முதல் கட்டாயம். ஆடிட்டரிடம் ஒரு கடிதம் வாங்கி, அதைக் காட்டி சர்வர், தரவுத்தளம், டொமைன் (இணைய முகவரி) ஆகியவற்றின் உரிமையை நிறுவனத்தின் பெயருக்கும் மின்னஞ்சலுக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். யார் மனமும் புண்படாது.

பேக்கப் கோப்பு கையில் இருந்தால் மட்டும் போதாது. அவர்கள் உதவியில்லாமல் வேறொரு கணினியில் அதை மீட்டுப் பாருங்கள். சென்ற மாத நூல் இருப்பு சரியாக வருகிறதா? டையிங்குக்கு அனுப்பிய ஏதாவதொரு செலானைத் திறக்க முடிகிறதா? இந்தச் சோதனையைச் செய்யாத பேக்கப்பை நான் பேக்கப் என்றே ஏற்கமாட்டேன்.

பணம் கொடுத்து எழுதச் சொன்னதால் மென்பொருள் உங்களுடையது என்று நினைத்திருப்பீர்கள். பதிப்புரிமைச் சட்டம், 1957 அப்படிச் சொல்லவில்லை. வெளி நிறுவனம் எழுதியது பொதுவாக அந்த நிறுவனத்துக்கே சொந்தம்; உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். எழுத்தில் இருந்தும் காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுகளுக்கே செல்லும். பழைய பர்ச்சேஸ் ஆர்டரை எடுத்துப் படியுங்கள். உரிமையைத் தர மறுத்தால், அவர்கள் தொழிலை மூடிவிடும் நிலையில் உங்களுக்குக் கிடைக்கும்படி மென்பொருளின் மூல நிரலான சோர்ஸ் கோடை மூன்றாம் தரப்பிடம் வைக்கவாவது கேளுங்கள்.

இவ்வளவும் முடிந்தபின் கட்டணம். எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள், ஜி.எஸ்.டி. மாற்றங்களால் அவர்களுக்கும் வேலை கூடியிருக்கலாம். கன்டெய்னர் கிளம்பும் நாளில் இன்வாய்ஸ் போட முடியாததும், ஓர் அறிக்கையின் தலைப்பு தவறாக அச்சாவதும் ஒரே அவசரம் அல்ல. முன்னதற்கு இரண்டு மணி நேரம், பின்னதற்கு ஒரு வாரம் என்று ஒப்பந்தத்தில் தனித்தனியாகக் கெடு வையுங்கள். அது ஆள் வருவதற்கான கெடுவாக இல்லாமல் பழுது சரியாவதற்கான கெடுவாக இருக்கட்டும். ‘99 விழுக்காடு இயங்கும்’ என்ற வரியில் மயங்க வேண்டாம். 30 நாள் மாதத்தில் 7 மணி நேரம் நின்றாலும் அந்த வாக்கு காப்பாற்றப்பட்டதாகவே ஆகும்.

தொழிலாளர்களின் ஆதார், வங்கி எண்கள் உங்கள் சர்வரில் இருக்கின்றன. மென்பொருள் நிறுவனம் வழியாகக் கசிந்தாலும், 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொறுப்பை உங்கள் நிறுவனத்தின் மீதே வைக்கிறது. இணையத் தாக்குதலை மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதால், அவர்கள் உங்களுக்கு உடனே சொல்லவேண்டும் என்ற நிபந்தனையும் தேவை.

உங்கள் பக்கமும் ஒருமுறை பாருங்கள். அவர்கள் பில்லுக்கு எத்தனை நாளில் பணம் போகிறது? கட்டிங், ஸ்டோர், அக்கவுன்ட்ஸ் என்று ஆளுக்கொருவர் போன் செய்கிறார்களா? தாமதத்துக்கு இவையும் காரணமாக இருக்கும். புகார்களை ஒருவர் மட்டும் எழுத்தில் பதிந்து அனுப்பட்டும். மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலோடு அவர்களை நேரில் உட்காரவையுங்கள்.

மூன்று மாதம் இப்படி நடத்தியும் மாற்றம் இல்லையென்றால் தயங்காமல் விலகுங்கள். புதிய மென்பொருளை ஏப்ரலில், நிதியாண்டின் தொடக்கத்தில் ஏற்றி, குறைந்தது ஒரு மாத முடிவுக் கணக்காவது இரண்டிலும் ஒத்துவரும்வரை பழையதை நிறுத்தாதீர்கள்.