நகரக் கூட்டுறவு வங்கியில் 8 லட்சம்: கிளை பிரித்தால் போதுமா?

கேள்வி: பணி ஓய்வில் அப்பாவுக்குக் கிடைத்த 8 லட்ச ரூபாயை எங்கள் ஊர் நகரக் கூட்டுறவு வங்கியில் ஒரே டெபாசிட்டாகப் போட்டிருக்கிறார். ரிசர்வ் வங்கி கண்காணிப்பதால் பயமில்லை என்கிறார். இரண்டு கிளைகளில் பிரித்துப் போட்டால் பாதுகாப்பா?

பதில்: கிளை மாற்றிப் பயனில்லை. வங்கி முடங்கினால் கிடைக்கும் டெபாசிட் காப்பீட்டு வரம்பு 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சம். ஒரே வங்கியில் ஒருவர் பெயரில் எத்தனை கிளைகளில் பணம் இருந்தாலும் மொத்தமாகக் கூட்டித்தான் கணக்கிடுவார்கள். அதுவும் அசல், வட்டி இரண்டும் சேர்த்து. பலர் கோட்டை விடுவது இங்கேதான். 4,80,000 ரூபாயை 8% கூட்டு வட்டியில் போட்டால், காலாண்டுக் கணக்கில் ஓராண்டிலேயே ஏறத்தாழ 5,19,500 ஆகிவிடும். மேலே உள்ள 19,500-க்குக் காப்பீடு இல்லை. அதே வட்டியில் ஐந்தாண்டு டெபாசிட் என்றால் 3,36,000-க்கு மேல் போடாதீர்கள்.

பிரிக்க வேண்டியது பெயரை. அப்பா பெயரில் தனியாக ஒன்று, அப்பா–அம்மா கூட்டாக ஒன்று என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி 5 லட்சம். நாமினி பெயரை மாற்றினால் இது கிடைக்காது. அதே வங்கியில் கடன் பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். வங்கியின் பங்குத் தொகைக்குக் காப்பீடே கிடையாது. இதையெல்லாம் விட, மீதிப் பணத்தை வேறொரு வங்கியில் போடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

கண்காணிப்பு உண்மைதான், ஆனால் அது உத்தரவாதம் ஆகாது. 100 கோடிக்கு மேல் டெபாசிட் உள்ள நகர வங்கிகளுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் உடனடித் திருத்த நடவடிக்கை விதிகள் அமலில் உள்ளன. நிகர வாராக்கடன் 6%-ஐத் தொட்டாலோ, தொடர்ந்து இரண்டு ஆண்டு நட்டம் வந்தாலோ ரிசர்வ் வங்கி தலையிடும். கிளையில் ஆண்டறிக்கை கேட்டு வாங்கி இந்த இரண்டையும், மூலதனப் போதுமை விகிதத்தையும் (நட்டத்தைத் தாங்க வங்கியிடம் சொந்த மூலதனம் எவ்வளவு என்பது) பாருங்கள். ஆனாலும் அறிக்கையை மட்டும் நம்பிவிட முடியாது. 2019 செப்டம்பரில் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி முடக்கப்படும் வரை அதன் கணக்கில் வாராக்கடன் குறைவாகவே தெரிந்தது. கடனில் பெரும்பகுதி ஒரே கட்டுமானக் குழுமத்துக்குப் போயிருந்தது பிறகுதான் வெளிவந்தது. முதலில் வாடிக்கையாளர் எடுக்க முடிந்தது 1,000 ரூபாய்தான்.

அப்படி முடக்கம் வந்தால், 2021 சட்டத் திருத்தப்படி 90 நாளில் காப்பீட்டுப் பணம் வர வேண்டும்: வங்கி டெபாசிட்தாரர் பட்டியல் தர 45 நாள், சரிபார்க்க 30, வழங்க 15. வேறு வங்கியோடு இணைக்கும் பேச்சு நடந்தால் மேலும் 90 நாள் வரை தள்ளிப்போகலாம். பணம் வேண்டும் என்று விருப்பப் படிவம் கொடுத்தால்தான் கிடைக்கும். வேறொரு வங்கிக் கணக்கு எண்ணும் தேவை. கே.ஒய்.சி. விவரங்களை இப்போதே புதுப்பித்துவிடுங்கள்.

இப்போதுள்ள டெபாசிட்டை முன்கூட்டி முடித்தால் எவ்வளவு வட்டி குறையும் என்று கிளையில் கேளுங்கள். அந்தச் சிறு இழப்பைத் தாங்கிக்கொள்ளலாம். முடக்கம் வந்த பிறகு டெபாசிட்டை முடிக்கவே விடமாட்டார்கள். எடுத்த பணத்தைத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போட்டுவிடாதீர்கள். அது வங்கி அல்ல. இந்தக் காப்பீடு அங்கே இல்லை.