பழைய சிங்கப்பூரின் நீர்வண்ண ஓவியங்களை ஆதாரமாக நம்பலாமா?

பெருமளவு நம்பலாம், குறிப்பாக ஜான் டர்ன்புல் தாம்சன் வரைந்தவற்றை. 1841 முதல் 1853 வரை அங்கே அரசு நில அளவையாளராக இருந்தவர். அளந்து அளந்தே பழகிய கண். ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டியவரும் இவர்தான். 1846-இல் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலையும் பக்கத்தில் உள்ள, தமிழ் முஸ்லிம்களின் சூலியா பள்ளிவாசலையும் ஒரே படத்தில் வரைந்தார். இன்றைய கோபுரத்தை அதில் தேடாதீர்கள், அது பிறகு எழுந்தது. பழைய படங்களில் தெலுக் ஆயர் தெரு கடலோரமாகத் தெரிந்தால் பிழை என்று நினைக்க வேண்டாம். 1880களில் கடலைத் தூர்த்து நிலமாக்கும்வரை அலை அங்கேதான் அடித்தது. படங்களில் தெரியும் மனிதர்களைத்தான் நான் அவ்வளவாக நம்பமாட்டேன். காட்சி எடுப்பாக இருக்க, வேண்டிய இடத்தில் நாலு பேரை நிறுத்திவைப்பது அக்கால ஓவியர்களின் வழக்கம்.